கழுத்தின் முன்பக்கம் வழி கண்ட டாக்டர்

1941-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாய்த் தீவுகளில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. முத்துத் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்றன. வீரர்கள் பலர் இன்னும் படுக்கையை விட்டு எழவில்லை.

மணி எட்டாக ஐந்து நிமிடம் இருந்தது. வானத்தில் பெரிய இரைச்சல் கேட்டது. வந்தவை ஜப்பானிய விமானங்கள். குண்டுகள் மழைபோல விழுந்தன. கப்பல்கள் தீப்பற்றி எரிந்தன.

இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 2,400 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். ஆயிரம் பேருக்கு மேல் காயம் பட்டார்கள்.

குண்டுத் துண்டு பாய்ந்து மண்டை உடைந்தவர்களை டிரிப்ளர் ராணுவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். மூளையில் ஆபரேஷன் செய்வது எல்லா டாக்டர்களாலும் ஆகிற காரியம் அல்ல. அதற்கென்று தனியாகப் படிக்க வேண்டும். அப்படிப் படித்த டாக்டர் அன்று ஹவாய்த் தீவுகளில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்கு வயது 33.

அவர் ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஹோனலூலு நகரில் தொழில் நடத்தி வந்தவர். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து கத்தியைக் கையில் எடுத்தார். நான்கு நாட்கள் ஆபரேஷன் மேல் ஆபரேஷனாகச் செய்துகொண்டே இருந்தார். மண்டையில் புதைந்த இரும்புத் துண்டுகளையும் எலும்புச் சில்லுகளையும் எடுத்தார். பெனிசிலின் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வராத காலம் அது.

அந்த டாக்டரின் பெயர் ரால்ப் கிளோவார்டு.

போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதே டாக்டர் இன்னொரு காரியம் செய்தார். அதனால்தான் உலகத்து டாக்டர்கள் அவர் பெயரை இன்றும் சொல்லுகிறார்கள். கழுத்து எலும்புகளை முன்பக்கமாகத் திறந்து, ஒன்றோடொன்று சேர்த்து வைக்கும் ஆபரேஷனுக்கு வழி போட்டவர்களில் அவர் ஒருவர்.

தீவைத் தேடி வந்தார்

கிளோவார்டு 1908-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பிறந்தார். ஊர், அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் நகரம்.

சிகாகோ நகரில் உள்ள ரஷ் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பெர்சிவல் பெய்லி என்ற பேராசிரியரிடம் மூளை, நரம்பு ஆபரேஷன் கற்றார். பெய்லி அந்தத் துறையில் பெரிய மேதை. மூளைக் கட்டிகளை வகை பிரித்துக் காட்டியவர்களில் ஒருவர்.

அவ்வளவு பெரிய ஆசிரியரிடம் பயின்றவர் பெரிய நகரம் ஒன்றிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் 1938-ல் ஹவாய்க்குப் போனார். அது அமெரிக்கக் கரையில் இருந்து 3,800 கிலோ மீட்டர் தூரம். கலந்து பேசப் பக்கத்தில் இன்னொரு மூளை டாக்டர் கிடையாது. எந்தச் சிக்கல் வந்தாலும் தாமே யோசித்துத் தாமே முடிவு செய்ய வேண்டும்.

அப்படி யோசித்துப் பழகிய மனிதர் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள அது உதவும்.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

அவர் செய்ததைச் சொல்வதற்கு முன், கழுத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் இருக்கின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. மேலே இருக்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மட்டும் வட்டு கிடையாது. மற்ற எலும்புகளுக்கு இடையே ஜவ்வு போன்ற ஒரு வட்டு இருக்கிறது. வெளியே கெட்டியாகவும் உள்ளே மெதுவாகவும் இருக்கும். எலும்போடு எலும்பு உரசாமல் காப்பது இந்த வட்டுதான்.

வட்டுக்கும் எலும்புக்கும் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்குள்தான் தண்டுவடம் இருக்கிறது. மூளையின் கட்டளையைக் கைக்கும் காலுக்கும் கொண்டு போவது அதுதான். ஒரு விரல் கனம்தான் இருக்கும். அதில் இருந்து இரண்டு பக்கமும் நரம்புகள் கிளை பிரிந்து தோளுக்கும் கைக்கும் போகின்றன.

வயது ஆக ஆக வட்டு காய்ந்து தேயும். சில சமயம் கிழிந்து பின்னால் பிதுங்கும். பக்கத்தில் எலும்பும் முள்போல வளரும். அது கை நரம்பை அழுத்தினால் தோளில் இருந்து விரல் வரை வலிக்கும், மரத்துப் போகும். தண்டுவடத்தையே அழுத்தினால் ஆபத்து அதிகம். கை, கால் இரண்டுமே பலம் குறையும்.

வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும் என்பதே வெகுகாலம் டாக்டர்களுக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது. ஏதோ கட்டி என்று நினைத்தார்கள். பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-ல் இதை விளக்கி எழுதிய பிறகுதான் விஷயம் தெளிவாயிற்று.

இடுப்பில் கற்ற பாடம்

கிளோவார்டு முதலில் கவனித்தது கழுத்தை அல்ல, இடுப்பை.

இடுப்பில் பிதுங்கிய வட்டை டாக்டர்கள் எடுத்து வந்தார்கள். காலுக்குப் போகும் வலி நின்றுவிடும். ஆனால் சிலருக்கு இடுப்பு வலி நிற்காது. வட்டு இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஆடுகின்றன. அதனால் வலி வருகிறது என்று கிளோவார்டு கருதினார்.

அந்த இடைவெளியில் எலும்புத் துண்டுகளை வைத்து அடைத்தார். நாள் ஆக ஆக அந்தத் துண்டு மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் ஒட்டி வளர்ந்தது. இரண்டு எலும்பும் ஒரே எலும்பு ஆயின. ஆட்டம் நின்றது. 1940-களில் இதைச் செய்யத் தொடங்கிய அவர், 1953-ல் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார்.

முதுகு எலும்பை ஒட்ட வைப்பது அதற்கு முன்பே தெரிந்த காரியம்தான். 1891-ல் டெக்சாஸ் மாநிலத்தில் ஹாட்ரா என்ற டாக்டர், உடைந்த கழுத்து எலும்புகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டினார். 1911-ல் நியூயார்க் நகரத்து டாக்டர்கள் ஹிப்சும் ஆல்பியும், காசநோய் தாக்கிக் கூன் விழுந்த முதுகு எலும்புகளைத் தனித்தனி முறையில் ஒட்ட வைத்தார்கள். அவர்கள் ஒட்ட வைத்தது எலும்பின் பின்பகுதியை. கிளோவார்டு, பாரம் தாங்கும் முன்பகுதியையே ஒட்ட வைத்தார். அதுதான் வித்தியாசம்.

முன்பக்கம் ஒரு வழி

பிறகு கழுத்துக்கு வந்தார்.

கழுத்தில் பிதுங்கிய வட்டை எடுக்க, அந்தக் காலத்தில் பிடரிப் பக்கமாகத்தான் அறுப்பார்கள். அதில் ஒரு கஷ்டம் உண்டு. வட்டு இருப்பது முன்னால். தண்டுவடம் இருப்பது அதற்குப் பின்னால். பிடரி வழியாகப் போகிறவர் தண்டுவடத்தைத் தாண்டித்தான் வட்டைத் தொட முடியும்.

இடுப்பிலே இந்தச் சிக்கல் இல்லை. தண்டுவடம் அங்கே வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நரம்புகள் மட்டுமே இருக்கும். அவற்றை மெதுவாக ஒதுக்கலாம். கழுத்தில் தண்டுவடத்தை ஒதுக்க முடியாது. கொஞ்சம் இழுத்தாலும் கை கால் விழுந்துவிடலாம்.

பின்னால் வழி இல்லை என்றால் முன்னால் போனால் என்ன? கிளோவார்டு அந்த வழியில் இறங்கினார்.

முன்கழுத்து என்றதும் நமக்கு அச்சமாக இருக்கும். மூச்சுக்குழாய் அங்கே இருக்கிறது. உணவுக்குழாய் இருக்கிறது. மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய் இருக்கிறது. ஆனால் இவற்றுக்கு நடுவே இயற்கையாகவே ஓர் இடைவெளி உண்டு. ரத்தக் குழாயை ஒரு பக்கமும், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் மறுபக்கமும் மெதுவாக ஒதுக்கினால், கழுத்து எலும்பின் முகம் தெரியும். பெரிய தசை எதையும் வெட்ட வேண்டியது இல்லை.

அந்த இடத்தில் அவர் வட்டின் நடுவே உருண்டையாக ஒரு துளை போட்டார். துளை வழியாகப் பிதுங்கிய வட்டையும் எலும்பு முள்ளையும் எடுத்தார். பிறகு இடுப்பு எலும்பில் இருந்து அதே அளவுக்கு உருண்டையான ஒரு துண்டை வெட்டி எடுத்துத் துளையில் அடித்து இறுக்கினார். தச்சர் மரத்தில் துளை போட்டு முளை அடிப்பது போலத்தான்.

சொல்வதற்கு எளிது. துளை ஒரு நூல் ஆழமாகப் போனாலும் தண்டுவடம் சேதப்படும். அதற்காகத் துளைக்கும் கருவிக்கு ஒரு காவல் செய்தார். குறித்த ஆழத்துக்கு மேல் கருவி போகாது. காயத்தைத் திறந்து பிடிக்கவும், எலும்பை உருண்டையாக வெட்டவும் தனித்தனிக் கருவிகள் செய்தார். அவற்றில் சிலவற்றுக்கு இன்றும் அவர் பெயர்தான் வழங்குகிறது.

1958-ல் அவர் இந்த முறையை உலகத்துக்கு எழுதி அறிவித்தார். அடுத்த ஆண்டு இன்னோர் உண்மையையும் எழுதினார். முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வலிக்கிறதே, அந்த வலி கழுத்து வட்டில் இருந்தும் வரலாம் என்று சோதித்துக் காட்டினார். வலிக்கிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் வேறு என்பது அதனால் விளங்கியது.

இருவேறு இடத்தில் ஒரே எண்ணம்

இதே காலத்தில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியிலும் இரண்டு டாக்டர்கள் முன்கழுத்து வழியைக் கண்டார்கள். அவர்கள் ராபின்சனும் ஸ்மித்தும். 1955-ல் சுருக்கமாகவும், 1958-ல் விரிவாகவும் எழுதினார்கள். அவர்கள் உருண்டைத் துளை போடவில்லை. வட்டை எடுத்துவிட்டு, குதிரை லாடம் போன்ற எலும்புத் துண்டை வைத்தார்கள்.

ஆகவே இந்தப் புகழ் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. இன்று பெரும்பாலான டாக்டர்கள் செய்வது ராபின்சன், ஸ்மித் முறையை ஒட்டியதுதான். ஆனாலும் துணையின்றித் தீவில் இருந்துகொண்டு, தாமே கருவி செய்து, முன்வழியைப் பரப்பியதில் கிளோவார்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்போது முறை இன்னும் திருந்திவிட்டது. டாக்டர்கள் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துச் செய்கிறார்கள். இடுப்பு எலும்புக்குப் பதிலாகச் சிறிய கூண்டு போன்ற பொருளையும், பிறர் தானம் செய்த எலும்பையும் வைக்கிறார்கள். மேலே டைட்டானியத் தகடு வைத்துத் திருகாணி போடுவதும் உண்டு. பலர் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எலும்பு ஒட்டுவதற்கு மட்டும் பல மாதங்கள் ஆகும்.

ஆபரேஷன் யாருக்குத் தேவை?

கிளோவார்டு காட்டிய வழி நல்ல வழி. அதற்காகக் கழுத்து வலி வந்தவர் எல்லாம் அந்த வழியில் போக வேண்டியது இல்லை. குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது.

கழுத்து மட்டும் வலிக்கிறது, கையில் பலம் குறையவில்லை என்றால், பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. வட்டு பிதுங்கிக் கை வலித்தால்கூட, ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் பலருக்குத் தானாகக் குறைந்துவிடும். மருந்தும், டாக்டர் சொல்லும் பயிற்சியும் போதும்.

அதற்குப் பிறகும் வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, கையில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, ஆபரேஷனைப் பற்றி டாக்டர் பேசுவார். ஸ்கேன் படத்தில் தெரியும் கோளாறும் நோயாளி சொல்லும் வலியும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார். படத்தில் வட்டுத் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் செய்வது இல்லை. வயதானவர்களில் பலருக்கு வலியே இல்லாமல் தேய்மானம் இருக்கும்.

ஆனால் சில அடையாளங்கள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும். கையெழுத்து மாறும். கையில் எடுத்த டம்ளர் நழுவி விழும். நடக்கும்போது கால் பின்னும். சிறுநீரை அடக்க முடியாமல் போகும். இவை தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். வலியே இல்லாமலும் இவை வரும். வயதாகிவிட்டது, அதனால்தான் தடுமாறுகிறார் என்று வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருந்துவிடுவது உண்டு. அது தவறு. தாமதித்தால் போன பலம் திரும்பாமலே போகலாம்.

விபத்தில் கழுத்து எலும்பு உடைந்தாலும், நகர்ந்தாலும், கட்டியோ காசநோயோ எலும்பை அரித்தாலும் இணைப்பு ஆபரேஷன் தேவைப்படலாம். விபத்தில் கழுத்தில் அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி வைத்து, ஆம்புலன்சுக்குச் சொல்ல வேண்டும். வலிக்கிற கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பதும் கூடாது.

எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம்?

எலும்பை ஒட்ட வைத்தால் கழுத்து அசையாதா என்று எல்லோரும் கேட்பார்கள்.

அசையும். தலையை ஆட்டுவதில் பெரும்பகுதி மண்டைக்கும் முதல் எலும்புக்கும் நடுவே நடக்கிறது. தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் நடுவே நடக்கிறது. வட்டு அதிகமாகக் கெடுவது கீழே, ஐந்தாம், ஆறாம், ஏழாம் எலும்புகளுக்கு இடையே. அங்கே ஓர் இணைப்பு செய்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மூன்று, நான்கு இடங்களில் செய்தால் கழுத்து விறைப்பாக இருப்பது தெரியும்.

நஷ்டம் இல்லாமல் இல்லை. சில நாட்கள் விழுங்கச் சிரமமாக இருக்கும். குரல் கம்மிப் போகலாம். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு நீடிப்பதும் உண்டு. ஒட்டிய எலும்புக்கு மேலும் கீழும் உள்ள வட்டுகள் கூடுதல் வேலை செய்ய நேரும். பல ஆண்டுகள் கழித்து அவை கெட்டுப் போகலாம். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு சரியாக ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். ஆபரேஷனுக்கு முன்பே பீடி, சிகரெட்டை விட்டுவிட வேண்டும்.

இதையும் சொல்லியாக வேண்டும். இந்த ஆபரேஷன் அழுத்தத்தை நீக்கும்; எலும்பை நிலைநிறுத்தும். ஏற்கனவே செத்துப் போன நரம்பை உயிர்ப்பிக்காது. காலத்தோடு போக வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது அதனால்தான். சிலருக்கு எலும்பை ஒட்டாமல், அசையும் செயற்கை வட்டு வைப்பதும் இப்போது உண்டு. யாருக்கு எது என்பதை நோயாளியைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். ஒரு டாக்டர் சொன்ன பிறகு இன்னொருவரிடம் கேட்டுக்கொள்வதும் தவறு அல்ல.

நிறைந்த வயது

கிளோவார்டு ஹவாயை விட்டுப் போகவில்லை. போர் அங்கே வந்தது, போயிற்று. 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் 50-வது மாநிலம் ஆயிற்று. ஹோனலூலுவும் பெரிய நகரம் ஆயிற்று. மூளை டாக்டர்கள் பலர் வந்தார்கள். அவரோ தம் முறையைப் பிறருக்குச் செய்து காட்டியும் எழுதியும் வந்தார்.

2000-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அவர் காலமானார். வயது 92.

முத்துத் துறைமுகத்தில் அவர் ஆபரேஷன் செய்தபோது யோசிக்க நேரம் இல்லை. மண்டை உடைந்து வந்தவரை உடனே கவனிக்க வேண்டும். கழுத்து ஆபரேஷன் பெரும்பாலும் அப்படி அல்ல. யோசிக்க நேரம் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்ள நேரம் உண்டு. வலி மட்டும் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். விரல் தடுமாறி, கால் பின்னத் தொடங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறாரா? இன்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள்.